வீடு திரும்பிய அந்நியப் பூனை

மருத்துவமனைக்குப் போய்வந்த பூனையைக் கூடவே வளர்ந்த பூனை விரட்டுகிறது. காரணம் மூக்கில் இருக்கிறது. அது தெரியாததால் சில வீடுகளில் ஒரு பூனை தெருவுக்குப் போகிறது.

காலைவரை ஒரே மெத்தையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்த இரண்டு பூனைகள். ஒரு தாய் வயிற்றுக் குட்டிகள். அதில் ஒன்றைக் கூடையில் வைத்து, ஆட்டோ பிடித்து, கருத்தடை அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துப் போகிறார்கள். மாலையில் அது அரை மயக்கத்தோடு திரும்பி வருகிறது. கூடையின் கதவைத் திறந்ததும் வீட்டில் இருந்த பூனை ஓடிவந்து மூக்கை நீட்டுகிறது. ஒரு கணம் அப்படியே நிற்கிறது. அடுத்த கணம் அதன் காதுகள் பின்னால் மடிகின்றன. வால் பாட்டில் கழுவும் பிரஷ்போல உப்புகிறது. சீறலும் உறுமலுமாக உடன்பிறப்பைச் சோபாவுக்கு அடியில் துரத்திவிட்டு வாசலில் காவல் நிற்கிறது.

மும்பையோ, புனேயோ, பெங்களூரோ, அடுக்குமாடிகளில் இரண்டு மூன்று பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன புகார். வீட்டுக்காரர்களுக்கோ பேரதிர்ச்சி. அன்றிரவே அவர்கள் மூன்று முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். முதலாவது, 'பொறாமை. நோயாளியைக் கொஞ்சுவது இதற்குப் பொறுக்கவில்லை' என்பது. இரண்டாவது, 'விடு, அடித்துக்கொண்டு தானாகச் சரியாகிவிடும்' என்பது. மூன்றாவது, இரண்டு நாள் தூக்கம் கெட்ட பிறகு வருவது: 'இரண்டையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாது. ஒன்றை எங்காவது விட்டுவிடலாம்.'

மூன்றுமே தப்பு. மூன்றாவது முடிவு ஓர் உயிரையே பலி வாங்கிவிடக்கூடியது.

இந்தச் சண்டைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. அடையாளம் தெரியாததால் வரும் ஆக்ரோஷம். வீட்டில் இருந்த பூனை தன் உடன்பிறப்பைத் தாக்கவில்லை. உடன்பிறப்பின் உருவத்தில் வந்திருக்கும் ஏதோ ஓர் அந்நியனைத்தான் தாக்குகிறது. அந்த அந்நியன் யார் என்று புரிந்துகொண்டால், பெரும்பாலான வீடுகளில் சில நாட்களில் பழைய மெத்தைக்கே திரும்பிவிடலாம்.

மூக்கு சொல்லும் முகவரி

மனிதர்கள் முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்கிறார்கள். பூனைக்கும் கண் கூர்மைதான், காது அதைவிடக் கூர்மை. ஆனால் 'இது நம் வீட்டு ஆள்' என்று முத்திரை குத்துவது மூக்கு. கன்னம், மோவாய், நெற்றி, பாதங்களின் அடிப்பகுதி, வாலின் அடி என்று பூனையின் உடம்பு முழுவதும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பூனை நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்ப்பதும், கதவு நிலையில் உரசுவதும், மாலையில் வீடு திரும்பும் மனிதரின் காலைச் சுற்றி வருவதும் வெறும் செல்லம் அல்ல. தன் வாசனையை அங்கே பூசிவிட்டுப் போகிறது.

ஒரே வீட்டில் இணக்கமாக வாழும் பூனைகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன. ஒன்றை ஒன்று நக்கிச் சுத்தம் செய்கின்றன. ஒரே துணியில் படுக்கின்றன. நாளடைவில் எல்லோருடைய வாசனையும் கலந்து ஒரு பொது வாசனை உருவாகிறது. அதுதான் அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு. அதைத் தினமும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். புதுப்பிக்காத கார்டு செல்லாது.

பூனையின் மேல் அண்ணத்தில் இதற்கென்றே இன்னொரு கருவியும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை விவரித்த டென்மார்க் உடற்கூற்றியலாளர் லுட்விக் ஜேக்கப்சன் பெயரால் ஜேக்கப்சன் உறுப்பு என்று அழைக்கப்படுகிறது. சில வாசனைகளை முகர்ந்ததும் பூனை வாயை லேசாகத் திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, ஏதோ அருவருப்புப் பட்டதுபோல ஒரு கணம் உறைந்து நிற்குமே, அப்போது இந்த உறுப்புதான் வேலை செய்கிறது. மற்ற விலங்குகள் விட்டுச்சென்ற ரசாயனச் செய்திகளை அது படிக்கிறது.

தமிழர்களுக்கு இது அவ்வளவு அந்நியமான சங்கதி அல்ல. பிரிந்திருந்த பிள்ளை திரும்பி வந்தால் பெரியவர்கள் உச்சி முகர்வார்கள். காவியங்களில் தந்தையர் மைந்தரை அப்படித்தான் வரவேற்கிறார்கள். மனிதரிடம் சடங்காக மிஞ்சியிருப்பது பூனையிடம் இன்னும் சட்டமாக இருக்கிறது. உச்சி முகர்ந்த பிறகுதான் உறவு உறுதியாகும். முகர்ந்தபோது வேறு வாசனை வந்தால், உறவு அந்த இடத்திலேயே ரத்து.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது

கால்நடை மருத்துவமனையில் ஒரு பகல் முழுவதும் கழித்த பூனையின் மேல் என்னவெல்லாம் ஒட்டியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஸ்பிரிட், அயோடின் மருந்து, தரை துடைத்த திரவம், மயக்க வாயு, கையுறையின் ரப்பர், முன்பின் தெரியாத மனிதர்களின் கைகள். கூண்டில் அதற்கு முன்னால் இருந்த விலங்கின் வாடை. மும்பை பரேலில் 1880-களில் தொடங்கிய பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் மாடு, குதிரை, நாய், பறவை என்று சகல ஜீவராசிகளும் வந்து போகின்றன. அத்தனை வாசனையும் காற்றில் இருக்கிறது.

இத்தோடு முடிவதில்லை. அறுவைக்காக வயிற்று முடியைச் சிரைத்திருப்பார்கள். பயந்துபோன பூனை ஆசனவாய்ப் பக்கத்துச் சுரப்பிகளிலிருந்து ஒரு திரவத்தை வெளியேற்றும். மற்றப் பூனைகளுக்கு அது அபாய அறிவிப்பு. வலியும் மயக்கமும் சேர்ந்து நடையே மாறியிருக்கும். பின்னங்கால் தள்ளாடும், கண்மணி விரிந்திருக்கும், மூன்றாவது இமை பாதிக் கண்ணை மூடியிருக்கும். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு சுவரில் இடித்துச் சத்தம் போடும். கூம்பு மாட்டிய பூனையின் முகத்தையும் காதையும் மற்றதால் சரியாகப் பார்க்க முடியாது. முகபாவம் தெரியாத ஆளோடு பேசுவது யாருக்குத்தான் எளிது?

வாசனை வேறு, நடை வேறு, சத்தம் வேறு. போதாக்குறைக்குப் பயத்தின் வாடை. வீட்டுப் பூனையின் கணக்குப்படி இது படையெடுப்பு. சில நேரங்களில் கதை தலைகீழாகவும் நடக்கும். திரும்பி வந்த பூனையே வலியிலும் மயக்கத்திலும் எதிரே வந்ததை அறைந்துவிடும். அதன் பிறகு மற்றது நெருங்காது.

தனித்து வாழ்ந்தவர் பரம்பரை

நாய்க்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு தீவிரமாக ஏன் வருவதில்லை என்ற கேள்விக்குப் பதில் பரம்பரையில் இருக்கிறது. நாய் கூட்டமாக வேட்டையாடிய ஓநாய் வம்சம். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் தனியாகத் திரிந்த காட்டுப்பூனை. 2007-ல் வெளியான மரபணு ஆய்வு இந்த வம்சாவளியை உறுதிப்படுத்தியது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூடு பற்றிய ஆய்வு 2004-ல் வெளிவந்தது. தானியம் சேர்த்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. மனிதனோடு இருக்கப் பழகிக்கொண்டதே தவிர, இன்னொரு பூனையோடு ஒரே கூரையின்கீழ் இருப்பது அதற்குப் பிற்காலத்துப் பழக்கம். ராஜஸ்தான் பாலைவனத்திலும் கட்ச்சிலும் இன்றும் திரியும் பாலைவனப் பூனை அதன் நெருங்கிய உறவு. அதுவும் தனியாகவே வேட்டையாடுகிறது.

தனியாக வாழ்ந்த இனத்துக்குச் சண்டைக்குப் பிறகு ராசியாக வேண்டிய அவசியம் இருந்ததில்லை. ஒன்று விலகிப் போய்விட்டால் விவகாரம் தீர்ந்தது. நெதர்லாந்தின் ஆர்னெம் மிருகக்காட்சி சாலையில் சிம்பன்சிகளைக் கவனித்த ஃபிரான்ஸ் டி வால், சண்டை போட்டவை சற்று நேரத்தில் கட்டித் தழுவிச் சமாதானம் செய்துகொள்வதை 1979-ல் விவரித்தார். பூனைகளிடம் அப்படித் தெளிவான சமாதானச் சடங்கு எதுவும் தென்படவில்லை. அவற்றுக்குத் தூரம்தான் சமாதானம்.

'அடித்துக்கொண்டு தானாகச் சரியாகிவிடும்' என்ற யோசனை அதனால்தான் ஆபத்தானது. காட்டில் தோற்ற பூனை ஓடிப்போகலாம். நாற்பது சதுர மீட்டர் ஃபிளாட்டில் எங்கே ஓடும்? ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டைக்கு ஒத்திகையாகிறது. முதல் நாள் சண்டைக்குக் காரணம் வாசனை. வாசனை இரண்டு நாளில் போய்விடும். ஆனால் அதற்குள் மூன்று முறை ரத்தம் வரச் சண்டை போட்டிருந்தால், நான்காம் நாள் சண்டைக்குக் காரணம் அந்த மூன்று சண்டைகளின் நினைவு. அது சுலபத்தில் போகாது.

முதல் இரவில் மூடிய கதவு

ஆகவே முதல் விதி மிக எளியது. மருத்துவமனையிலிருந்து வந்த பூனையை நேராகக் கூடத்தில் திறந்துவிடக் கூடாது. ஒரு தனி அறை, அதில் அதன் பழைய படுக்கைத் துணி, தண்ணீர், மணல் தட்டு, மறைந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. கதவை மூடிவிட வேண்டும். மயக்கம் முழுவதும் தெளியவும், அது தன்னைத்தானே நக்கிப் பழைய வாசனைக்கு வரவும் குறைந்தது ஓரிரவு வேண்டும். அறுவை முடிந்த பூனைக்கு எப்படியும் ஓய்வு தேவை என்பதால் இது அதற்குத் தண்டனை அல்ல, சலுகை.

மறுநாள் கதவின் இரண்டு பக்கமும் அமைதி நிலவினால் வாசனைப் பரிமாற்றம் தொடங்கலாம். ஒரு சுத்தமான துணியால் வீட்டுப் பூனையின் கன்னத்தையும் மோவாயையும் மெதுவாகத் தடவி, அதைத் திரும்பி வந்த பூனையின் அறையில் வைப்பது. அங்கிருந்து ஒரு துணி இங்கே. கொடுக்கப்பட்ட துணியை முகர்ந்துவிட்டு அலட்சியமாக நகர்ந்தால் நல்ல சகுனம். சீறினால் இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. மூடிய கதவின் இரு பக்கத்திலும் இரண்டு தட்டு. முதலில் தள்ளி வைத்து, வேளைக்கு வேளை நெருக்கலாம். வேக வைத்த மீனோ கோழித் துண்டோ, எது அதற்கு உயிரோ அது. கதவுக்கு அப்பாலிருந்து வரும் வாடையோடு மீனின் ருசியும் மனத்தில் ஒட்ட வேண்டும். இரண்டும் நிதானமாகச் சாப்பிட்டால் கதவை விரலளவு திறக்கலாம். பிறகு கொசுவலைக் கதவோ, குழந்தைகளுக்குப் போடும் தடுப்போ வைத்துப் பார்க்கவிடலாம். கடைசியில்தான் நேருக்கு நேர். அதுவும் ஐந்து நிமிடம், பசியோடு, இரண்டு பேர் கண்காணிப்பில். நன்றாகப் போகும்போதே நிறுத்திவிடுவது நல்லது.

லேசான சீறலோடு நின்ற வீடுகளில் இதெல்லாம் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். பெரிய சண்டை நடந்துவிட்ட பிறகு தொடங்கினால் வாரக்கணக்கில் இழுக்கலாம். எந்தப் படியில் சீறல் வந்தாலும் முந்திய படிக்குப் போக வேண்டும். பரமபத விளையாட்டைப்போல பாம்பு கடித்தால் இறங்குவதில் வெட்கம் இல்லை.

ஒன் ரூம் கிச்சன்வாசிகளுக்கு

தனி அறை என்று சொல்லிவிடுவது சுலபம். மும்பையில் எத்தனையோ குடும்பங்களுக்கு வீடே ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அங்கே குளியலறை உதவும். ஈரம் துடைத்து, ஃபினாயில் புட்டிகளை அப்புறப்படுத்தி, கீழே தடித்த துணி விரித்தால் ஓரிரவுக்குப் போதும். அதுவும் முடியாது என்றால் பெரிய கூண்டு ஒன்றை இரவல் வாங்கி, முக்கால் பாகம் போர்வையால் மூடி, உயரமான மேசைமேல் வைக்கலாம். மற்றப் பூனை சுற்றிச்சுற்றி வந்து வெறித்துப் பார்க்க இடம் கொடுக்கக் கூடாது. அறுவையானவரை மருத்துவமனையிலேயே ஓரிரவு வைத்துக்கொள்ளக் கேட்பது தீர்வுபோலத் தோன்றும். ஆனால் அங்கே இருக்கும் நேரம் கூடக்கூட ஒட்டும் வாடையும் கூடும்.

சின்ன வீட்டில் தரைப்பரப்பு இல்லை, சுவர் இருக்கிறது. பீரோவின் உச்சி, லாஃப்ட், புத்தக அலமாரியின் மேல்தட்டு ஆகியவற்றைக் காலி செய்து கொடுத்தால் பூனைக்கு வீடு இரண்டு மடங்காகும். மதில்மேல் பூனை என்பது மனிதருக்குத்தான் தடுமாற்றத்தின் உவமை. பூனைக்கு மதில் என்பது நிம்மதி. உயரத்தில் இருப்பதைக் கீழிருந்து யாரும் வழிமறிக்க முடியாது. தண்ணீரும் சாப்பாடும் இரண்டு வெவ்வேறு மூலைகளில் இருக்க வேண்டும். மணல் தட்டுக்கு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று அதிகம். இடமில்லாத வீட்டில் அதற்குக் கிட்டத்தட்டவாவது இருக்கட்டும், ஒரே மூலையில் அடுக்க வேண்டாம்.

சண்டை என்றால் ரத்தம் வந்தால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பல வீடுகளில் சத்தமே இல்லாமல் சண்டை நடக்கிறது. ஒரு பூனை நடைபாதையின் நடுவே படுத்துக்கொண்டு மற்றதை மணல் தட்டுக்குப் போகவிடாது. வெறித்த பார்வை ஒன்றே போதும். பூனைகளுக்கிடையே உள்ள இறுக்கம் பற்றி அமெரிக்கப் பூனை மருத்துவர்களின் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இப்படிப்பட்ட ஓசையற்ற அடையாளங்களைத்தான் முதலில் கவனிக்கச் சொல்கின்றன. விளையாட்டுச் சண்டையைப் பிரித்தறிவது கஷ்டமல்ல. விளையாட்டில் சத்தம் குறைவு, துரத்துவதும் ஓடுவதும் மாறி மாறி நடக்கும், காது நிமிர்ந்திருக்கும். நிஜத்தில் எப்போதும் ஒன்றே துரத்தும், ஒன்றே ஒளியும்.

செய்யக் கூடாதவை

நல்லெண்ணத்தால் வரும் கெடுதல்கள் தனிப் பட்டியல். ஆஸ்பத்திரி வாடையைப் போக்குகிறோம் என்று பூனையைக் குளிப்பாட்டுகிறார்கள். தையலில் ஈரம் பட்டால் சீழ் பிடிக்கும். டெட்டால் கலந்த தண்ணீரில் துடைக்கிறார்கள். ஃபீனால் வகை ரசாயனங்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. நக்கியதும் விஷமாகும். வாடையை மறைக்க நீலகிரித் தைலம் தடவுவதும் அப்படியே. வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பது எல்லாவற்றையும்விடக் கொடுமை. மனிதக் குழந்தைக்குக் கொடுக்கும் மாத்திரைதானே என்று ஒரு துண்டு கொடுத்தாலும் பூனையின் உயிருக்கே ஆபத்து.

சண்டைக்கு நடுவே கையை விடுவது இன்னொரு தவறு. ஆத்திரத்தில் இருக்கும் பூனைக்கு எஜமான் கை என்று தெரியாது. ஓர் அட்டையையோ தலையணையையோ இடையில் நுழைத்துப் பார்வையை மறைத்தால் போதும். தண்ணீர் அடிப்பது, அதட்டுவது, செருப்பை எறிவது எல்லாம் பயத்தைத்தான் கூட்டும். அந்தப் பயமும் எதிரே நிற்கும் பூனையின் கணக்கில்தான் எழுதப்படும். கடி பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பூனையின் பல் ஊசிபோல ஆழமாக இறங்கி வாயில் உள்ள கிருமிகளை உள்ளே விட்டுவிடும். மேல்காயம் சீக்கிரம் மூடி, உள்ளே சீழ் வைக்கும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தேவையா என்பதையும் டாக்டரே முடிவு செய்ய வேண்டும். பூனைகள் ஒன்றையொன்று கடித்திருந்தாலும் இதே கதைதான். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு வீக்கம் தோன்றினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பயந்து ஒளிந்த பூனை ஒருநாளுக்கு மேல் எதுவும் சாப்பிடவில்லை என்றால் அலட்சியம் கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின், அதுவும் குண்டுப் பூனையின், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகும். ஆண் பூனை மணல் தட்டில் போய் முக்கி முக்கி உட்கார்ந்து சிறுநீர் வராமல் தவித்தால் அது அவசர சிகிச்சைக்கான அறிகுறி. மன இறுக்கம் சிறுநீர்ப்பையைப் பாதிப்பதும், குழாய் அடைபடுவதும் பூனைகளில் சகஜம். மணிக்கணக்கு முக்கியம்.

போவதற்கு முன்பே

இத்தனை பாட்டையும் பாதியாகக் குறைக்கும் காரியம் மருத்துவமனைக்குப் போவதற்கு முன்பே இருக்கிறது. கூடையை அன்றைக்குக் காலையில்தான் பரணிலிருந்து இறக்கினால் பூனை கட்டிலுக்கடியில் ஓடிவிடும். ஒரு வாரம் முன்பே இறக்கித் திறந்து வைத்து, உள்ளே பழைய துணி விரித்தால் இரண்டும் அதில் படுத்து எழும். அந்தத் துணி போகும்போதும் வரும்போதும் கூடவே இருக்கட்டும். மேலே ஒரு துண்டால் மூடினால் பாதிப் பயம் குறையும். இரண்டு பூனைக்கும் தடுப்பூசி போட வேண்டியிருந்தால் ஒரே நாளில் இரண்டு கூடைகளில் கொண்டுபோவது சில வீடுகளில் பலன் தருகிறது. இரண்டுக்கும் ஒரே வாடை. எளிதில் மிரளும் பூனைகளுக்கு இது பொருந்தாது.

ஆஸ்பத்திரி என்றாலே நடுங்கும் பூனைக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் மனிதர்களுக்குக் கொடுக்கப்படும் கபாபென்டின், பூனைகளின் ஆஸ்பத்திரிப் பயத்தைக் குறைப்பதாக 2017-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு சொன்னது. அளவை மருத்துவர் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். பூனையின் கன்னத்துச் சுரப்பியில் உள்ள வேதிப்பொருளைப் பிரான்ஸ் நாட்டுக் கால்நடை மருத்துவர் பாட்ரிக் பஜா ஆராய்ந்ததன் விளைவாக, 1990-களில் செயற்கை வாசனைத் தயாரிப்புகள் சந்தைக்கு வந்தன. கொசு விரட்டிபோல மின்சாரப் பிளக்கில் மாட்டுபவையும் உண்டு. எல்லாப் பூனைகளிடமும் ஒரேபோல வேலை செய்வதில்லை. துணைக்கு வைத்துக்கொள்ளலாம், கதவை மூடும் வேலைக்கு மாற்றாக அல்ல.

இந்தப் பயத்தால் அறுவையே வேண்டாம் என்று முடிவெடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது. பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே கருத்தரிக்கக்கூடும். சினைக் காலம் ஒன்பது வாரம்தான். கருத்தடை செய்யாத வீட்டில் வருடத்துக்குள் எத்தனை குட்டிகள், அவை எங்கே போகும் என்று கணக்குப் போட்டால், இரண்டு நாள் கதவு மூடுவது பெரிய விலையல்ல.

மீன் மார்க்கெட் தீர்ப்பு

கடைசியில் அந்த மூன்றாவது முடிவு. இரவெல்லாம் சண்டை, பக்கத்து ஃபிளாட்காரர் புகார், குழந்தைக்குக் கீறல். குடும்பத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: 'மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம். அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, பிழைத்துக்கொள்ளும்.' யாரை விடுவது என்று யோசிக்கும்போது பெரும்பாலும் தாக்கிய பூனையின் தலையில்தான் விழும். அது செய்த குற்றம், வீட்டுக்குள் வந்த அந்நியனை விரட்டியது.

மீன் மார்க்கெட்டில் மீன் இருக்கிறது, சரி. ஆனால் அங்கே ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் ஒரு பொது வாசனை இருக்கிறது. ஃபிளாட்டின் சோப்பு வாடையும் மெத்தை வாடையுமாக இறக்கிவிடப்படும் பூனை அங்கே எல்லோருக்கும் அந்நியன். வீட்டில் ஒரு பூனை இன்னொரு பூனைக்குச் செய்ததை இங்கே பத்துப் பூனைகள் அதற்குச் செய்யும். வீட்டிலாவது ஒளிந்துகொள்ளச் சோபா இருந்தது. பிறந்தது முதல் ஜன்னல் கிரில்லுக்கு வெளியே கால் வைக்காத பூனைக்கு லாரியும் தெரியாது, நாயும் தெரியாது.

சட்டமும் இதைக் குற்றம் என்றே சொல்கிறது. பசியாலோ தாகத்தாலோ அவதிப்படும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதை, 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு கொடுமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். மீன் மார்க்கெட்டுக்குப் போகும் ஆட்டோவுக்கே அதைவிட அதிகம் ஆகும். பயந்து திருந்தும்படியான தொகை இல்லை. ஆக, தடுக்க வேண்டியது வீட்டுக்காரரின் மனசாட்சியும் விஷய ஞானமும்தான்.

உண்மையிலேயே ஒத்துப்போகாத பூனைகளும் உண்டு. மாதக்கணக்கில் முயன்றும், மருத்துவர் மருந்து கொடுத்துப் பார்த்தும் ஒன்று ஒளிந்தே வாழ்கிறது என்றால், அதற்கு வேறொரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுப்பது தோல்வியல்ல, இரக்கம். ஆனால் அந்த முடிவு மூன்றாம் மாதத்தில் எடுக்க வேண்டியது. மூன்றாம் நாளில் எடுப்பவர்கள், ஸ்பிரிட் வாடை போவதற்கு முன்பே உறவை முறித்துவிடுகிறார்கள். இன்னும் நான்கு நாள் கதவை மூடி, இரு பக்கமும் மீன் வைத்திருந்தால், அந்த இரண்டும் பழைய மெத்தைக்கே போய்ப் படுத்திருக்கக்கூடும்.